ஒடுகத்தூர் மலைக்கு ஒரு பேசும் பெட்டி

வேலூருக்குத் தென்மேற்கில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், உத்திரகாவிரி ஆற்றை ஒட்டியிருக்கிறது ஒடுகத்தூர். வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தையினால் பழைய வட ஆற்காடு ஜில்லா முழுவதும் அந்த ஊரின் பெயர் தெரியும். சந்தையன்று போய்ப் பார்த்தால், ஒரு கையில் ஆட்டுக் கயிறும் மறு கையில் ஸெல்போனுமாக நிற்காத ஆள் அபூர்வம். பேரம் பாதி நேரில் நடக்கிறது. பாதி ஆகாயத்தில் நடக்கிறது. ஆனால் சந்தை கலைந்து, பீஞ்சமந்தைக்கும் ஜார்தான்கொல்லைக்கும் பாலாம்பட்டுக்கும் திரும்புகிறவர்கள் மலை ஏறத் தொடங்கியதும் விஷயம் மாறிவிடுகிறது. வளைவுக்கு வளைவு ஸெல்போனின் கோடுகள் குறைகின்றன. ஒரு மேட்டில் பேச்சு கிடைக்கும். அடுத்த பள்ளத்தில் கிடைக்காது. எந்தப் பாறையின் மேல் நின்றால் மகனுடன் பேசலாம் என்பது மலைமேல் இருக்கும் தாய்மார்களுக்கு மனப்பாடம்.

இந்த மலைக்கும் கீழே உள்ள தோல் சீமைக்கும் உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. குரோமிய உப்பு வருவதற்கு முன் தோல் பதனிடக் கடுக்காயும் ஆவாரம்பட்டையுமே ஆதாரம்; அவை காட்டிலிருந்தும் மலையிலிருந்தும்தான் இறங்கின. இப்போது மலையிலிருந்து சாமையும் புளியும் தேனும் இறங்குகின்றன; அவற்றோடு இளைஞர்களும் இறங்குகிறார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தைக்கப்படும் பாதரட்சைகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகின்றன. அந்தக் கம்பெனிகளின் காரியாலயங்களிலிருந்து ஹாம்பர்க் நகரத்து வியாபாரியைக் கூப்பிட்டால் அடுத்த கணம் பதில் வருகிறது. அதே தாலுகாக்களின் விளிம்பில் இருக்கும் மலையில், அடுத்த குக்கிராமத்தைக் கூப்பிட ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது. இதே ஜவ்வாது மலையில் காவலூரில் 1986-ம் வருஷம் நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தூரதிருஷ்டிக் கண்ணாடி, கோடானுகோடி மைல் தொலைவிலிருந்து வரும் ஒளியைப் பிடித்துக் கொடுக்கிறது என்பதையும் நேயர்கள் நினைவில் வைத்துக் கொள்ளலாம்.

இது வெறும் அசௌகரியம் என்று எண்ணுகிறவர்களுக்கு 2023-ம் வருஷம் மே மாதத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அணைக்கட்டு தாலுகாவைச் சேர்ந்த அல்லேரி மலையில் ஒரு குக்கிராமம். வீட்டு வாசலில் தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாத மலையிலிருந்து பெற்றோர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. திரும்பும்போது வண்டி சாலை முடிந்த இடத்தில் நின்றுவிட, தாய் அந்தச் சிறு உடலைக் கையில் ஏந்திப் பல கிலோமீட்டர் நடந்தே மலை ஏறினாள். தேசம் சுதந்திரமடைந்த 76-வது வருஷம் அது. பத்திரிகைகள் எழுதின, அதிகாரிகள் மலையேறிப் போனார்கள், சாலையைப் பற்றிப் பேச்சு எழுந்தது.

முதற் குறை சாலைதான்; அதில் நமக்கு அபிப்பிராய பேதமில்லை. எந்தப் பெட்டியும் சாலைக்கு ஈடாகாது. ஆனாலும் சாலைக்கு அடுத்தபடியாக ஒரு குறை இருக்கிறது. ஒரு நோயாளி புறப்படும்போதே செய்தி அவருக்கு முன்னால் அடிவாரத்துக்கு இறங்கிவிட்டால், அவர் வந்து சேரும் நேரத்தில் வண்டி காத்திருக்கும். ஆஸ்பத்திரியில் மருந்தும் தயாராக இருக்கும். செய்தியும் நோயாளியுடன் சேர்ந்தே நடந்து இறங்குமானால், அடிவாரத்தில் மறுபடியும் ஒரு மணி நேரம் வீணாகிறது. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008-ல் தொடங்கியது. மகத்தான ஏற்பாடு. ஆனால் அந்த மூன்று எண்களை அழுத்துவதற்கு ஸெல்போனில் கோடு வேண்டும்.

மலைப்பக்கம் உறவு உள்ளவர்களும், மலைக்குப் பிரயாணம் போகிறவர்களும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் உபாத்தியாயர்களும், "ஸெல்போன் எடுக்காத இடத்தில் வாக்கி-டாக்கி வாங்கி வைத்துக்கொள்ளலாமா, எதை வாங்குவது?" என்று கேட்கிறார்கள். கேள்வி நல்ல கேள்வி. கடைக்காரர்கள் சொல்லும் பதிலில்தான் நமக்குத் திருப்தியில்லை.

முதலில் இந்த யந்திரம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். ஸெல்போனில் நாம் பேசுவது எதிராளியுடன் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அருகிலுள்ள கோபுரத்துடன்தான் பேசுகிறோம். மற்றதையெல்லாம் கோபுரமும் கம்பியும் பார்த்துக்கொள்கின்றன. கோபுரம் இல்லாவிட்டால், பத்தடி தூரத்தில் நிற்கும் தம்பியைக்கூட ஸெல்போனில் கூப்பிட முடியாது. வாக்கி-டாக்கிக்குக் கோபுரம் வேண்டாம். ஒரு பெட்டி விடும் அலையை மற்றொரு பெட்டி நேராகப் பிடித்துக்கொள்கிறது. மாதச் சந்தா இல்லை, சிம் அட்டை இல்லை. பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இரண்டும் ஒரே சமயத்தில் முடியாது. இருவர் ஒருங்கே பேசுவதையே சம்பாஷணை என்று கருதும் நமது குடும்பங்களுக்கு இந்த யந்திரம் சற்றுக் கஷ்டமாக இருக்கலாம்.

இது பிறந்த கதையும் மலையோடும் காட்டோடும் சம்பந்தப்பட்டதே. கானடா தேசத்தில் சுரங்கக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த டொனால்ட் ஹிங்ஸ் என்பவர், மனித சஞ்சாரமில்லாத வனாந்தரங்களில் கனிவளம் தேடிப் போகிறவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்காக 1937-ல் ஒரு பெட்டியைச் செய்தார். ஆல்பிரெட் கிராஸ் என்ற அமெரிக்கரும் அதே காலத்தில் இதே முயற்சியில் இருந்தார். பிறகு உலக யுத்தம் வந்தது. யுத்தம் எதையும் விட்டுவைப்பதில்லை. அமெரிக்கச் சிப்பாய்கள் முதுகில் சுமந்த எஸ்.சி.ஆர். 300 என்னும் பெட்டி 30 ராத்தலுக்கு மேல் கனம். அதன் எட்டு தூரமோ ஏறத்தாழ மூன்று மைல். இன்று அதே வேலையைச் செய்யும் பெட்டி சட்டைப் பையில் அடங்குகிறது. ஆனால் தூரம் அவ்வளவாகக் கூடிவிடவில்லை. ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

பெட்டியின் அட்டையில் "10 கிலோமீட்டர்", "20 கிலோமீட்டர்" என்று அச்சிட்டிருப்பார்கள். அது பொய் என்று சொல்ல மாட்டோம். ஒரு மலைச்சிகரத்திலும் எதிரே மற்றொரு சிகரத்திலும் ஆளை நிறுத்தி, நடுவே காற்றைத் தவிர வேறொன்றுமில்லாமல் பார்த்துக்கொண்டால் அது மெய்தான். இந்தச் சிறு பெட்டிகளின் அலை பெரும்பாலும் கண்பார்வையைப் போல நேராகச் செல்லும். சமதரையில் நிற்கும் ஒருவருடைய பார்வை பூமியின் வளைவினால் நாலரைக் கிலோமீட்டருக்குள் மறைந்துவிடுகிறது. இருவர் எதிரெதிரே நின்றால், குறுக்கே ஒரு செடிகூட இல்லாத பொட்டல்வெளியில் சுமார் 9 கிலோமீட்டர். வீடும் தோப்பும் இருந்தால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கிடைத்தாலே சந்தோஷப்பட வேண்டும். குறுக்கே மலை மடிப்பு வந்துவிட்டாலோ, அரைக் கிலோமீட்டரிலும் மௌனம்தான்.

சக்தி கூடிய பெட்டி வாங்கினால் மலையைத் துளைத்துக்கொண்டு போகாதா என்று கேட்கலாம். போகாது. ஒரு திருஷ்டாந்தம் சொல்கிறோம். பூமிக்கு 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்துடன், உரிமம் பெற்ற வானொலி ஆர்வலர்கள் 5 வாட் கைப்பெட்டியைக் கொண்டே பேசியிருக்கிறார்கள். நடுவே தடை இல்லை, போய்ச் சேர்ந்தது. அதே பெட்டியை ஒரு பள்ளத்தில் இருப்பவர் கையில் கொடுத்தால், முகட்டுக்கு அப்பால் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கேட்காது. ஆகவே மலையில் வாட்டைவிட மேட்டுக்கே மதிப்பு அதிகம். பேசுகிறவர் ஐம்பதடி ஏறி நிற்பது, பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கும் சக்தியைவிடப் பல சமயங்களில் அதிகப் பலன் தருகிறது. பாறை மேல் ஏறி மகனுடன் பேசும் தாய்மார் இந்தச் சாஸ்திரத்தை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

ஜவ்வாது மலைக்கு இதில் ஒரு பெரிய அநுகூலம் உண்டு. மலைக்குள்ளே கிராமத்துக்குக் கிராமம் பேசுவதுதான் கஷ்டம். மலையின் விளிம்பில், சமவெளி கண்ணுக்குத் தெரியும் முகட்டில் நின்றுவிட்டால், ஒடுகத்தூர்ப் பக்கத்து அடிவாரம் காலடியில் கிடக்கிறது. கண்ணுக்கு எட்டும் ஊருக்குச் சிறு பெட்டியின் குரலும் எட்டுவதற்கு நல்ல சந்தர்ப்பம் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டே மலைக்கு என்ன ஏற்பாடு பொருந்தும் என்பதைப் பின்னால் சொல்கிறோம். அதற்குமுன் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். கடையில் கிடைக்கிறது என்பதனாலேயே வாங்கலாம் என்று அர்த்தமில்லை.

ஆகாயத்தில் அலை விடுவதற்குச் சர்க்காரின் அனுமதி வேண்டும் என்பது நமது தேசத்தில் ஆங்கிலேயர் காலத்திலிருந்து வரும் விதி. 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டமும், 1933-ம் வருஷத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் அவர்கள் இட்டவை. அந்நியர் அவற்றை எதற்காகப் போற்றினார்கள் என்பது 1942-ல் வெளிப்பட்டது. 'வெள்ளையனே வெளியேறு' கிளர்ச்சியின்போது பம்பாயில் உஷா மேத்தாவும் அவருடைய தோழர்களும் காங்கிரஸ் ரேடியோவை இரகசியமாக நடத்தினார்கள். இடம் மாற்றி இடம் மாற்றிச் சுமார் மூன்று மாத காலம் அந்தக் குரல் ஒலித்தது. நவம்பர் மாதத்தில் போலீசார் கண்டுபிடித்தார்கள். உஷா மேத்தா சிறை சென்றார். அன்று அந்தச் சட்டத்தை மீறியது தேசபக்தி. இன்று சட்டம் நம்முடையது. 2023-ல் நமது பார்லிமெண்டு புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தையும் நிறைவேற்றியிருக்கிறது. போலீஸ், தீயணைப்பு, விமானம், கப்பல் எல்லாம் ஒரே ஆகாயத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்போது, ஒருவர் பாத்தியில் மற்றொருவர் மாட்டை விடாமல் பார்த்துக்கொள்ள வரப்பு அவசியந்தான்.

அந்த வரப்புக்குள் சாதாரண ஜனங்களுக்கென்று இரண்டு சிறு பாத்திகளை ஒதுக்கியிருக்கிறார்கள். ஒன்று 27 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது. 2005-ம் வருஷத்து விதிப்படி 5 வாட் வரை உரிமம் இல்லாமல் உபயோகிக்கலாம். இதன் அலை 11 மீட்டர் நீளமானது. ஆகையால் அதற்கு நீண்ட ஆன்டெனா வேண்டும். கைக்கு அடக்கமான பெட்டிக்கு அது அவ்வளவு ஒத்துவராது. மற்றொன்று 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை. இது 2018-ம் வருஷத்து விதியினால் கிடைத்தது. ஐரோப்பாவில் குடும்பங்களும் மலையேறுகிறவர்களும் வெகு காலமாக உபயோகிக்கும் அதே பாத்திதான். அரை வாட் சக்தி, 16 வாய்க்கால்கள். இதன் அலை ஒன்றரை முழத்துக்குச் சற்றே குறைவு. ஆகவே விரல் நீள ஆன்டெனா போதும். குடும்பத்துக்கோ கிராமத்துக்கோ வாங்குவதானால் இந்த 446 வகையையே வாங்க வேண்டும் என்பது நமது தீர்மானமான அபிப்பிராயம்.

கடைத்தெருவிலோ வேறு காட்சி. இன்டர்நெட் கடைகளில் மிக மலிவாக, 5 வாட் என்றும் 8 வாட் என்றும் சொல்லிக்கொண்டு, எந்த அலைவரிசையிலும் திருப்பிக்கொள்ளக்கூடிய பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. எந்த அலைவரிசை என்பதையும், உரிமம் வேண்டுமா என்பதையும் விளம்பரத்தில் சொல்லவில்லை. 2025-ம் வருஷம் மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இன்டர்நெட் கடைகள் பலவற்றுக்கு நோட்டீஸ் அனுப்பி, விற்பனைக்கு விதிகளையும் வெளியிட்டது. அலைவரிசையையும், சர்க்காரின் உபகரண அங்கீகாரத்தையும் விற்பவர் காட்ட வேண்டும் என்பது அவற்றின் சாரம். ஆகையால் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் போகும்?" என்பதல்ல. "எந்த அலைவரிசை? அங்கீகாரப் பத்திரம் எங்கே?" என்றுதான் கேட்க வேண்டும். பதில் தடுமாறினால் அடுத்த கடைக்குப் போகலாம்.

இன்னோர் எச்சரிக்கை. அமெரிக்காவில் இருக்கும் மாப்பிள்ளையோ மருமகளோ ஆசையாக ஒரு ஜோடிப் பெட்டி வாங்கி வரக்கூடும். அமெரிக்கக் குடும்பங்களுக்கு ஒதுக்கிய அலைவரிசை 462, 467 மெகாஹெர்ட்ஸ்களில் இருக்கிறது. அங்கே சட்டபூர்வமானது, இங்கே அப்படி இல்லை. குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் என்று விற்கப்படுவதிலும் இதே தொல்லை உண்டு. 'ஸாட்டிலைட் டெலிபோன்' கொண்டுவருவதோ அதைவிடப் பெரிய வம்பு. அனுமதியின்றி அதை வைத்திருந்த அந்நிய தேசப் பிரயாணிகள் நமது விமான நிலையங்களில் கைதாகியிருக்கிறார்கள்.

அலைவரிசை நிச்சயமான பிறகு மற்றவை சுலபம். மழையும் பனியும் சேறும் உள்ள மலைக்கு, பெட்டியின் மேல் ஐ.பி. 67 என்ற குறி இருப்பது உத்தமம். தூசி புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி கிடந்தாலும் பழுதாகாது என்று அதற்குப் பொருள். பாட்டரியைப் பற்றி இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உள்ளேயே வைத்து மூடிய பாட்டரி, மழைக்காலத்தில் மின்சாரம் இரண்டு நாள் நின்றால் பெட்டியைக் கல்லாக்கிவிடும். கழற்றி மாற்றக்கூடியதாக, முடிந்தால் டார்ச்சு விளக்குக்குப் போடும் சாதாரணக் கட்டைகளையும் ஏற்கக்கூடியதாக இருந்தால் மலைக்கடையிலும் உயிர் கொடுக்கலாம். கேட்பதற்குச் சக்தி குறைவாகவும் பேசுவதற்கு அதிகமாகவும் செலவாகும். வளவளவென்று பேசுகிறவரின் பெட்டி முதலில் சாகும். பொத்தான்கள் பெரிதாக இருக்கட்டும். இருட்டில், நடுங்கும் கையினால், எழுத்துத் தெரியாத பாட்டியும் அழுத்த வேண்டியிருக்கும். திரையும் வர்ணமும் மினுமினுப்பும் எதற்கு?

ஒரு சங்கதியை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நல்ல பெட்டி வாங்கியவர்களும் இடறி விழும் இடம் அது. வாய்க்கால் எண்ணோடு 'இரகசிய எண்' என்று ஒன்றைப் பல பெட்டிகளில் வைத்துக்கொள்ளலாம். பெயரைக் கேட்டு, நமது பேச்சை வேறு யாரும் கேட்க முடியாதென்று பலர் நம்புகிறார்கள். அது மற்றவர் காதை மூடுவதில்லை. நமது காதை மட்டும் மூடுகிறது. நமது எண் உள்ளவர் பேசினால் நமக்குக் கேட்கும், மற்றவர் பேசினால் நமக்குக் கேட்காது. நாம் பேசுவதோ, எண் வைக்காத எல்லாருக்கும் தாராளமாகக் கேட்கும். ஆகவே வீட்டு இரகசியங்களை இதில் பேசலாகாது. அதைவிட முக்கியமாக, ஆபத்துக்கென்று வைத்துக்கொள்ளும் பெட்டியில் இந்த எண்ணை எடுத்துவிட வேண்டும். இரண்டு கம்பெனிப் பெட்டிகள் ஒரே வாய்க்காலில் இருந்தும் ஒன்றையொன்று கேட்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இவ்வளவையும் பார்த்து வாங்கிவிட்டால் காரியம் முடிந்ததா? கேட்பதற்கு ஆள் வேண்டாமா? 1912-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியபோது, அதன் கம்பியில்லாத் தந்தி நன்றாகவே வேலை செய்தது. அருகில் காலிபோர்னியன் என்ற கப்பல் இருந்தது; அதிலும் யந்திரம் இருந்தது. யந்திரத்துக்கு ஒரே ஓர் ஆள். அவர் நாள் முழுதும் வேலை செய்துவிட்டு, மோதல் நேருவதற்குச் சற்றுமுன் அதை நிறுத்திப் படுக்கப் போய்விட்டார். 1,500 பேருக்கு மேல் மாண்டார்கள். அதன் பிறகுதான் இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருக்க ஆள் வைக்க வேண்டும் என்று 1914-ல் தேசங்கள் கூடி ஒப்பந்தம் செய்தன. இன்றும் கடலில் 156.8 மெகாஹெர்ட்ஸில் உள்ள 16-வது வாய்க்காலை ஆபத்துக் குரலுக்காகக் கேட்டுக்கொண்டே இருப்பது கப்பல்களின் கடமை.

மலைக்கும் இப்படி ஓர் ஒழுங்கு வேண்டும். மலை விளிம்பிலிருந்து சமவெளி தெரியும் என்று முன்னே சொன்னோம். ஒவ்வொரு குக்கிராமத்திலும் ஒரு பெட்டி. முகட்டுக்கு அருகில், கிராமத்தின் குரலும் கேட்டு அடிவாரமும் தெரியும் ஒரு வீட்டில் ஒரு பெட்டி. ஸெல்போன் எடுக்கும் அடிவாரத்தில், இரவிலும் ஆள் இருக்கும் ஒரு வீட்டிலோ கடையிலோ ஒரு பெட்டி. இது எப்போதும் மின்சாரத்தில் செருகப்பட்டு, எப்போதும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கிராமத்தார் சொல்வதை முகட்டுக்காரர் கேட்டு, அப்படியே திருப்பிச் சொல்வார்; அடிவாரத்தார் ஸெல்போனில் 108-ஐக் கூப்பிடுவார். நடுவே யந்திர அஞ்சல் நிலையம் வைத்தால் மனிதர் தேவையில்லைதான். அதற்குத் தனி உரிமமும் செலவும் வேண்டும். மனித அஞ்சலுக்கு இரண்டும் வேண்டாம். பெட்டிகளின் விலை, ஒரு குக்கிராமத்துக்கென்று கணக்கிட்டால், நடுத்தரமான ஒரு ஸெல்போனின் விலைக்குப் பக்கத்தில் நின்றுவிடும்.

வாங்குவதற்குமுன் ஒரு நாள் ஒதுக்கி, இரண்டு பெட்டிகளை யாரிடமாவது இரவல் வாங்கி நடந்து பார்க்க வேண்டும். ஒருவர் அடிவாரத்தில் இருக்கட்டும். மற்றவர் கிராமம் கிராமமாக, மேடு மேடாகப் போய்க் கூப்பிடட்டும். கேட்ட இடங்களையும் கேட்காத இடங்களையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டால், அந்தக் காகிதம் எந்தக் கம்பெனியின் விளம்பரத்தைவிடவும் மதிப்புள்ளது. மழைக்காலத்தில் மரங்கள் தழைத்து நனைந்திருக்கும்போது மறுபடியும் ஒரு முறை நடந்து பார்ப்பது நல்லது. கோடையில் கேட்ட இடம் அப்போது கேட்காமலும் போகலாம்.

கேட்கும் வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வியில் நமக்கு ஓர் எண்ணம் உண்டு. ஆண்கள் சந்தைக்கும் வேலைக்கும் இறங்கிவிடுகிறார்கள். வீட்டிலும் கொல்லையிலும் இருப்பவர்கள் பெண்கள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் கணக்கெழுதிப் பணம் நடத்தவே கற்றுக்கொண்டிருக்கின்றன. முறை வைத்துக்கொண்டு ஒரு பெட்டியைக் காப்பது அவர்களுக்குப் பெரிய வித்தையல்ல. மேற்கு நாடுகளில் சிலர் கையாளும் ஒரு வழக்கத்தை இங்கேயும் எடுத்துக்கொள்ளலாம். மூன்று மணிக்கொரு முறை, முதல் மூன்று நிமிஷம், மூன்றாவது வாய்க்காலில், எல்லாக் கிராமத்துப் பெட்டிகளும் திறந்திருக்கும். பாட்டரி மிச்சமாகும், "எல்லாரும் சௌக்கியம்" என்ற ஒரு வார்த்தையில் யந்திரம் வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும். தினந்தோறும் பேசிப் பார்க்காத பெட்டி ஆபத்துக் காலத்தில் பேசும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

பேசும் முறையையும் பழக வேண்டும். பொத்தானை அழுத்தி ஒரு விநாடி பொறுத்துப் பேசத் தொடங்க வேண்டும்; இல்லாவிட்டால் முதற் சொல் அறுந்துபோகும், அந்த முதற் சொல்லே ஊரின் பெயராக இருந்துவிடும். முதலில் ஊர், பிறகு என்ன நேர்ந்தது, பிறகு எந்தப் பாதையில் வருகிறோம். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பட்டாளத்தார் முடிவில் 'ஓவர்' என்கிறார்கள். நமது ஜனங்கள் "சொல்லியாச்சு" என்றாலும் போதும்.

ஒடுகத்தூரில் வனச்சரகக் காரியாலயம் இருக்கிறது. வன இலாகாவினர் தமக்கென்று கம்பியில்லாச் சாதனம் வைத்துக்கொண்டு காட்டுக்குள் பேசிக்கொள்கிறவர்கள். எந்த மேட்டிலிருந்து எந்தப் பள்ளத்துக்குக் குரல் போகும் என்று அவர்களுக்கு அநுபவத்தில் தெரிந்திருக்கும். அவர்களுடைய அலைவரிசையில் கிராமத்தார் புகுவது கூடாது. ஆனால் அவர்களுடைய அநுபவத்தைக் கிராமத்தாருக்குக் கொடுப்பதைத் தடுக்கும் சட்டம் ஒன்றும் இல்லை. முகட்டுப் பெட்டிக்கு இடம் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு நாள் நடையில் ஒரு வனக் காவலர் கூடவே வந்தாரானால் வேலை பாதியாகும்.

இன்னும் தூரம் பேச விரும்பும் இளைஞர்களுக்கு வேறு வழி இருக்கிறது. பரீட்சை எழுதி வானொலி ஆர்வலர் உரிமம் பெறலாம். 2004-ம் வருஷம் டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியபோது, அங்கே ஆர்வலர் நிலையம் அமைத்துப் பேசிக்கொண்டிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவருடைய குழுவினரும், மற்றத் தொடர்புகள் அறுந்த நிலையில் தீவுகளின் செய்தியைப் பெருநிலத்துக்குச் சேர்த்தார்கள். ஆம்பூர், வேலூர்க் கல்லூரிகளில் மின்னணுச் சாஸ்திரம் படிக்கும் மலைப்பக்கத்துப் பிள்ளைகளில் ஐந்து பேர் இந்தப் பரீட்சைக்கு உட்காரலாம் என்பது நமது ஆசை.

ஸெல்போன் கோபுரம் எல்லா மலைக்கும் வரத்தானே போகிறது, இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ஸெல்போன் எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4-ஜி வசதி செய்ய 2022-ம் வருஷம் ஜூலையில் மத்திய சர்க்கார் 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்தது. கோபுரங்கள் வரட்டும்; வரவேற்கிறோம். ஆனால் கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டும். புயலில் மின்கம்பம் சாய்ந்தால் கோபுரமும் பாட்டரி தீர்ந்ததும் ஊமையாகும். சமவெளியிலேயே, 2015-ம் வருஷத்து வெள்ளத்தில் சென்னைப் பட்டணத்தில் எத்தனையோ வீடுகளில் ஸெல்போன் வெறும் கண்ணாடித் துண்டாகக் கிடந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தவிர, ஒரு கோபுரத்தின் பார்வை படாத மடிப்பு எந்த மலையிலும் இருக்கவே இருக்கும்.

மலைக்கு உல்லாசப் பிரயாணம் போகும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு வண்டிகளில் போகிறவர்கள் வண்டிக்கு ஒன்றாக 446 பெட்டி வைத்துக்கொள்வது நன்மையே. ஆனால் மூன்றாவது வாய்க்காலில் எங்கேனும் ஒரு கிராமத்தின் குரல் கேட்டால், பாட்டுப் போட்டியை நிறுத்திவிட்டு அதைக் கவனமாகக் கேட்டு, ஸெல்போன் எடுக்கும் முதல் வளைவில் வண்டியை நிறுத்தி 108-க்குச் சொல்லுங்கள். ஊர் பெயரை இரண்டு தடவை சொல்லுங்கள். அந்த மலையில் 'கொல்லை' என்று முடியும் ஊர்கள் அநேகம்.